கடவுச்சொல் ஓரிடத்தில் இருக்கட்டும்: உள்நுழைவு கேட்கும் ப்ராக்ஸி வழியே பேக்கேஜ் நிறுவுதல்

அலுவலகக் கணினியில் உலாவி நன்றாக ஓடுகிறது. செய்தித்தளம் வருகிறது, மின்னஞ்சல் வருகிறது. பிப் கொண்டு ஒரு பைத்தான் பேக்கேஜை நிறுவப் போனால் மட்டும் திரை முழுக்கப் பிழைச் செய்தி. வங்கி, காப்பீட்டு நிறுவனம், அரசுத் துறை, பொறியியல் கல்லூரி ஆய்வகம் என்று, வெளியே போகும் இணையப் போக்குவரத்தை ஒரு ப்ராக்ஸி சர்வர் வழியாக மட்டும் விடும் இடங்களில் இது அன்றாடப் பிரச்சினை. ப்ராக்ஸி இரண்டிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: நீ யார்? அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தது உலாவிக்கு மட்டும். விண்டோஸ் டொமைனில் சேர்ந்த கணினியில், நீங்கள் காலையில் உள்நுழைந்த அடையாளத்தையே உலாவி உங்களைக் கேட்காமல் ப்ராக்ஸியிடம் காட்டிவிடுகிறது. எந்த முகவரிக்கு எந்த ப்ராக்ஸி என்று சொல்லும் தானியங்கி அமைப்புக் கோப்பையும் அது படித்துக்கொள்கிறது. பிப்புக்கு இந்த இரண்டும் தெரியாது. இந்தக் குறையை ஈடுகட்டப் பெரும்பாலோர் செய்வது, பிப், என்பிஎம், கிட், ஏபிடி என்று ஒவ்வொரு கருவியின் அமைப்பிலும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிவைப்பது. பல நேரம் அது வேலையும் செய்யும். ஆனாலும் அது தவறான பழக்கம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். ப்ராக்ஸியின் கடவுச்சொல் உங்கள் கணினியில் ஒரே ஓர் இடத்தில் இருக்க வேண்டும். பேக்கேஜ் நிறுவும் கருவிகளுக்கு அது தெரியவே கூடாது.

எந்த வாசலில் நிற்கிறீர்கள்?

வாதத்துக்குப் போகும் முன், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஒரு பேக்கேஜ் உங்கள் கணினிக்கு வர மூன்று வாசல்களைக் கடக்கிறது. முதலாவது, ப்ராக்ஸியைச் சென்று சேர்வது: அதன் பெயரும் போர்ட் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். ஸ்க்விட் என்ற பரவலான ப்ராக்ஸி மென்பொருளில் இயல்பான போர்ட் 3128. வேறு இடங்களில் 8080-ஐக் காணலாம். இரண்டாவது, அடையாளத்தை நிரூபிப்பது. மூன்றாவது, மறுமுனையில் இருக்கும் சர்வரின் சான்றிதழை உங்கள் கருவி நம்புவது. மூன்றுக்கும் மூன்று விதமான பிழை வரும். இணைப்பு நேரம் கடந்துவிட்டது, பெயரைக் கண்டறிய முடியவில்லை என்றால் முதல் வாசல். 407 என்ற எண் வந்தால் இரண்டாவது. சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்றால் மூன்றாவது. இவற்றோடு 403 என்ற எண்ணையும் அறிந்துகொள்ளுங்கள்: நீங்கள் யார் என்று ப்ராக்ஸிக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அந்த முகவரிக்குப் போக உங்களுக்கு அனுமதியில்லை என்பதே அதன் பொதுவான பொருள். பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் பேக்கேஜின் பட்டியல் ஒரு முகவரியிலிருந்தும் கோப்பு பைத்தான்ஹோஸ்டட் என்ற வேறொரு முகவரியிலிருந்தும் வருகின்றன. முதலாவதை மட்டும் அனுமதித்துவிட்டு இரண்டாவதை மறந்த ப்ராக்ஸியில், பேக்கேஜ் தேடலில் கிடைக்கும். இறக்கும்போது 403 வரும். அங்கே கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பயனில்லை.

பிழைச் செய்தியைக் கீழிருந்து படிக்கும் பழக்கம் இந்த இடத்தில் ஆளைத் திசைதிருப்பும். ப்ராக்ஸி 407 என்று மறுத்தாலும், பிப் கடைசி வரியில் சொல்வது ‘பொருத்தமான பேக்கேஜ் எதுவும் கிடைக்கவில்லை’ என்ற தொனியில் இருக்கும். பெயரைத் தவறாக எழுதிவிட்டோமோ, பைத்தான் பதிப்பு ஒத்துவரவில்லையோ என்று தேட ஆரம்பித்தால் பொழுது போய்விடும். உண்மையான காரணம் மேலே, ‘மீண்டும் முயல்கிறேன்’ என்று தொடங்கும் எச்சரிக்கை வரிகளுக்குள் இருக்கிறது. ஐயம் இருந்தால் பிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, கர்ல் கருவியை விரிவான வெளியீட்டுடன் அதே ப்ராக்ஸி வழியே பைபிஐக்கு அனுப்பிப் பாருங்கள். எச்டிடிபிஎஸ் முகவரி என்றால் கருவி முதலில் ‘கனெக்ட்’ என்ற கட்டளையால், அந்தச் சர்வரின் 443ஆம் போர்ட் வரை ஒரு சுரங்கம் போட்டுக்கொடு என்று ப்ராக்ஸியைக் கேட்கும். ப்ராக்ஸி 407 என்று திருப்பினால், கூடவே ‘ப்ராக்ஸி-ஆதென்டிகேட்’ என்ற தலைப்புவரியும் வரும். அந்த வரிதான் முக்கியம். தான் ஏற்கும் முறை பேசிக்கா, டைஜஸ்டா, என்டிஎல்எம்மா, கெர்பரோஸ் சார்ந்த நெகோஷியேட்டா என்பதை ப்ராக்ஸி அதில் சொல்லிவிடுகிறது. பிப்பும் என்பிஎம்மும் தாமாகப் பேசக்கூடியது பேசிக் மட்டும். தலைப்புவரியில் பேசிக் இல்லையென்றால், கடவுச்சொல்லை எப்படி எழுதினாலும் அவை உள்ளே போகா.

கடவுச்சொல்லை எழுதிவைக்கும் வழியின் சிக்கல்

பேசிக் ஏற்கப்படும் இடத்தில் வழக்கமான வழி, ‘எச்டிடிபி ப்ராக்ஸி’, ‘எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி’ என்ற இரண்டு சூழல் மாறிகளில் (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு) பயனர்பெயர், கடவுச்சொல், ப்ராக்ஸியின் பெயர், போர்ட் ஆகியவற்றை ஒரே முகவரியாக எழுதுவது. இதில் பிழைக்கு இடங்கள் நிறைய. இரண்டாவது மாறியின் பெயரில் ‘எஸ்’ இருப்பதைப் பார்த்து, மதிப்பையும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவோர் உண்டு. மாறியின் பெயர் நீங்கள் சேர வேண்டிய தளத்தைக் குறிக்கிறது. மதிப்பின் தொடக்கம் ப்ராக்ஸியோடு எப்படிப் பேசுவது என்பதைக் குறிக்கிறது. பெரும்பாலான ப்ராக்ஸிகள் தம் வாசலில் சாதா எச்டிடிபிதான் பேசும். ஆகவே இரண்டு மாறிகளின் மதிப்பும் எச்டிடிபி என்றே தொடங்க வேண்டும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது அடுத்த குழப்பம். பழைய சிஜிஐ முறையில் இயங்கும் வலை சர்வர்கள், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தலைப்புவரிக்கும் முன்னால் எச்டிடிபி என்று சேர்த்துப் பெரிய எழுத்தில் ஒரு சூழல் மாறி ஆக்கும். ‘ப்ராக்ஸி’ என்று ஒரு தலைப்புவரியை யாரோ அனுப்பினால் போதும், சர்வரின் வெளிப்போக்குவரத்தை அவர் சொல்லும் இடத்துக்குத் திருப்பிவிடலாம். 2016 ஜூலையில் எச்டிடிபாக்ஸி என்ற பெயரில் பேசப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இதுவே. கர்ல் இந்தக் காரணத்தால் முதல் மாறியைச் சிறிய எழுத்தில் மட்டும் ஏற்கிறது. எனவே சிறிய எழுத்தில் எழுதுவதே பாதுகாப்பான வழக்கம்.

கடவுச்சொல்லில் வரும் சிறப்புக் குறிகள் இன்னொரு பொறி. வலுவான கடவுச்சொல் வேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்துவதால் @, #, /, % போன்றவை எப்படியும் வந்து சேரும். முகவரிக்குள் @ என்பது கடவுச்சொல்லையும் ப்ராக்ஸியின் பெயரையும் பிரிக்கும் குறி. சில கருவிகள் கடைசி @ குறியைப் பிரிப்பாக எடுத்துக்கொண்டு சமாளிக்கும். எல்லாக் கருவிகளும் அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது. # வந்தால் முகவரி அதோடு முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும். இவற்றை முறையே %40, %23 என்று மாற்றி எழுத வேண்டும். % குறியே இருந்தால் %25. இதையே விண்டோஸ் பேட்ச் கோப்பில் எழுதினால் % என்பது அங்கே மாறியைக் குறிக்கும் என்பதால் இரட்டிக்க வேண்டும். லினக்ஸ் டெர்மினலில் $, ! ஆகியவற்றுக்கு வேறு பொருள் உண்டு என்பதால் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுத வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்படி எழுதிய மாறியும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. சூடோ கட்டளை இயல்பாகவே சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் நிரலை ஓட்டும்; உங்கள் கணக்கில் வேலை செய்தது நிர்வாகி உரிமையில் ஓட்டும்போது நின்றுபோக இதுவே காரணம். ஏபிடிக்குத் தனி அமைப்புக் கோப்பு உண்டு. கான்டாவுக்குத் தனி, மேவனுக்குத் தனி. டாக்கர் இமேஜை இறக்குவது பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை. உங்கள் டெர்மினலில் வைத்த மாறி அதற்குத் தெரியாது. ஜாவாவில் இன்னொரு தடையும் உண்டு. 2016 அக்டோபரில் வந்த ஜாவா 8-இன் 111ஆம் புதுப்பிப்பிலிருந்து, எச்டிடிபிஎஸ் சுரங்கத்துக்கு பேசிக் முறையைப் பயன்படுத்துவது இயல்பிலேயே முடக்கப்பட்டுள்ளது. ஜாவாவோடு வரும் இணைப்பு நூலகத்தை நம்பும் கருவிகள், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகும் 407 காட்டுவது அதனால்தான். இத்தனை இடங்களில் எழுதி முடித்த பிறகு, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி நிறுவனம் நினைவூட்டும். அன்று எல்லாவற்றையும் தேடித்தேடித் திருத்த வேண்டும். எது விடுபட்டதோ அது சில வாரம் கழித்து, நீங்கள் மறந்த நேரத்தில் பிழை காட்டும்.

கசிவும் பூட்டும்

இவை அசௌகரியங்கள்தாமே என்று பொறுத்துக்கொள்பவர்களுக்கும், பொறுக்க முடியாத இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது கசிவு. பேசிக் முறையில் கடவுச்சொல் பேஸ்64 என்ற வடிவில் போகிறது. அது மறையாக்கம் ஆகாது. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பி எழுதிவிடலாம். நீங்கள் போகும் தளம் எச்டிடிபிஎஸ் என்பதால் பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ண வேண்டாம்: மறையாக்கம் தொடங்குவது சுரங்கம் அமைந்த பிறகு, அடையாளம் காட்டப்படுவது அதற்கு முன்பு, பெரும்பாலும் மறையாக்கமே இல்லாத உள்வலையில். கட்டளை வரியில் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது டெர்மினலின் வரலாற்றுக் கோப்பில் தங்கும். லினக்ஸில் அந்தக் கட்டளை ஓடும் நேரத்தில், இயல்பான அமைப்பில், அதே கணினியிலுள்ள மற்றப் பயனர்களும் அதைப் பார்க்கலாம். டாக்கர்ஃபைலில் நிலையான சூழல் மாறியாக எழுதினால் இமேஜுக்குள்ளேயே பதிந்துவிடும். அந்த இமேஜ் எங்கெல்லாம் போகிறதோ கடவுச்சொல்லும் அங்கெல்லாம் போகும். டொமைன் சூழலில் அது ப்ராக்ஸிக்கு மட்டும் உரிய கடவுச்சொல்லும் இல்லை. உங்கள் அஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் பெரும்பாலும் அதுவேதான்.

இரண்டாவது, கணக்குப் பூட்டு. இணைப்பு தோற்றால் பிப் இயல்பாக ஐந்து முறை மீண்டும் முயலும். முதல் முயற்சியோடு சேர்த்தால் ஒரே கட்டளையில் ஆறு முறை ப்ராக்ஸியின் கதவு தட்டப்படுகிறது. மேலே சொன்ன குறிமாற்றத்தில் ஓர் எழுத்துப் பிசகினால், ஆறு முறையும் தவறான கடவுச்சொல்லே போகும். ஐந்து தவறான முயற்சிக்குக் கணக்கைப் பூட்டும் விதி உள்ள இடத்தில், ஒரு பேக்கேஜ் நிறுவப் போய் உங்கள் அலுவலகக் கணக்கே பூட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே கடவுச்சொல்லைச் சோதிக்கும் வேலையை ஒருபோதும் பிப்பிடம் கொடுக்க வேண்டாம். தானாக மறுமுயற்சி செய்யாத கர்லில் ஒரே ஒரு முறை சோதியுங்கள்.

ஒரே இடம்: உள்ளூர் இடைநிலை

மாற்று வழி இது. உங்கள் கணினியிலேயே ஒரு சிறிய இடைநிலை ப்ராக்ஸியை ஓடவிடுங்கள். அது 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருக்கும். நிறுவன ப்ராக்ஸியிடம் அடையாளம் காட்டும் வேலை முழுவதும் அதனுடையது. பிப், என்பிஎம், கிட், ஏபிடி, கான்டா எல்லாவற்றுக்கும் நீங்கள் கொடுப்பது பயனர்பெயரோ கடவுச்சொல்லோ இல்லாத ஒரே முகவரி: 127.0.0.1, போர்ட் 3128. சிறப்புக் குறிச் சிக்கல் தீர்ந்தது. அமைப்புக் கோப்பை யார் பார்த்தாலும் கவலையில்லை. கடவுச்சொல் மாறும்போது திருத்த வேண்டியது ஓரிடம். பேசிக் மட்டும் பேசத் தெரிந்த கருவிகள், என்டிஎல்எம் கேட்கும் ப்ராக்ஸியையும் கடந்துவிடுகின்றன என்பது கூடுதல் ஆதாயம்.

எதைத் தேர்வது என்பது, கர்ல் காட்டிய தலைப்புவரியைப் பொறுத்தது. விண்டோஸ் டொமைன் கணினி என்றால் பிஎக்ஸ் என்ற கருவி முதல் தேர்வு. உள்நுழைந்திருக்கும் விண்டோஸ் அடையாளத்தையே அது பயன்படுத்துவதால் கடவுச்சொல்லை எங்கும் எழுத வேண்டியதில்லை. தானியங்கி அமைப்புக் கோப்பையும் அதற்குப் படிக்கத் தெரியும். லினக்ஸில் என்டிஎல்எம் தேவையென்றால் சிஎன்டிஎல்எம் உண்டு. கடவுச்சொல்லுக்குப் பதில் அதன் ஹாஷை அமைப்புக் கோப்பில் வைக்கலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் என்டிஎல்எம்மின் எல்லாப் பதிப்புகளையும் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதை இடைக்கால ஏற்பாடாக மட்டும் கொள்ளுங்கள். ப்ராக்ஸி பேசிக் மட்டும் கேட்டால், உங்கள் கணினியில் ஒரு சிறிய ஸ்க்விட்டை நிறுவி, நிறுவன ப்ராக்ஸியை அதன் மேல்நிலை ப்ராக்ஸியாகக் குறித்து, உள்நுழைவு விவரத்தை அந்த ஒரு கோப்பில் வைத்து, பிறர் படிக்க முடியாதபடி உரிமையைச் சுருக்கிவிடலாம். எந்தக் கருவியானாலும் ‘நோ ப்ராக்ஸி’ மாறியில் உள்முகவரியையும் நிறுவனத்தின் உள்தளங்களையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மேசை சர்வருக்குப் போகும் கோரிக்கையும் ப்ராக்ஸி வழியே சுற்றிக்கொண்டு போகும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை சிலவற்றில் நியாயம் உண்டு. ஒரே ஒரு பேக்கேஜுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்டால், வேண்டாம் என்பதே பதில். திரையில் காட்டாமல் கடவுச்சொல்லை உள்வாங்கும் கட்டளையால் அந்த டெர்மினலுக்கு மட்டும் மாறியை அமைத்து, வேலை முடிந்ததும் டெர்மினலை மூடிவிடலாம். அந்தச் சிறிது நேரம் கருவிக்குக் கடவுச்சொல் தெரியும் என்றாலும், அது எந்தக் கோப்பிலும் தங்குவதில்லை என்பதால் இந்த ஒரு விலக்கைப் பொறுத்துக்கொள்ளலாம். இடைநிலையின் கோப்பிலும் கடவுச்சொல் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. உண்மை, சிஎன்டிஎல்எம்மின் ஹாஷும் அதைக் கைப்பற்றியவருக்குக் கடவுச்சொல் போலவே பயன்படும். ஆனால் காக்க வேண்டிய கோப்பு ஒன்று என்பதற்கும் ஏழு என்பதற்கும் வேறுபாடு பெரிது. மூன்றாவது மறுப்பு இன்னும் வலுவானது: பலர் பகிரும் கணினியில் உள்முகவரியில் திறந்த போர்ட்டை அங்கே உள்நுழைந்த எவரும் பயன்படுத்தலாம், அவர் போன இடமெல்லாம் ப்ராக்ஸியின் பதிவில் உங்கள் பெயரில் இருக்கும். ஆகவே இந்த ஏற்பாடு உங்களுக்கே உரிய கணினிக்கு மட்டும். பொதுச் சர்வருக்கு, தனிநபர் பெயர் இல்லாத சேவைக் கணக்கையோ, அந்தச் சர்வரின் முகவரிக்கு மட்டும் உள்நுழைவு விலக்கையோ நிர்வாகியிடம் கேட்பதே முறை. டாக்கரிலும் ஒரு வரம்பு உண்டு: கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். இடைநிலையை டாக்கரின் உள்வலை முகவரியிலும் கேட்கச் செய்து, அந்த முகவரியை உருவாக்க நேர மதிப்பாகக் கொடுக்க வேண்டும்; அப்போதும் இமேஜுக்குள் போவது வெறும் முகவரி, கடவுச்சொல் இல்லை.

மூன்றாவது வாசலை உடைக்காதீர்கள்

பல நிறுவனங்களில் ப்ராக்ஸி, சுரங்கத்துக்குள் போவதையும் பிரித்துப் பார்த்துவிட்டு, தளத்தின் சான்றிதழுக்குப் பதில் தன் சான்றிதழைக் காட்டும். நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் விண்டோஸில் ஏற்கெனவே பதிந்திருப்பதால் உலாவி நம்பிவிடுகிறது. தனக்கென்று சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கும் கருவிகள் மறுக்கின்றன. உடனே பலரும் எடுப்பது குறுக்குவழி: பிப்பில் அந்தத் தளத்தை நம்பு என்ற விருப்பம், என்பிஎம்மில் கண்டிப்பான சரிபார்ப்பை நிறுத்துவது. நிறுவனமே பிரித்துப் பார்க்கும்போது சரிபார்ப்பு எதற்கு என்று வாதிடுவோரும் உண்டு. விடை, நீங்கள் இறக்குவது படிக்கும் பக்கம் இல்லை, ஓடும் நிரல் என்பதில் இருக்கிறது. மூல வடிவில் வரும் பைத்தான் பேக்கேஜ் நிறுவும்போதே தன் நிரலை ஓட்டக்கூடும். என்பிஎம் பேக்கேஜும் அப்படியே. சரிபார்ப்பை நிறுத்தினால், நிறுவனம் மட்டுமல்ல, வழியில் குறுக்கிட முடிந்த எவரும் உங்கள் கணினியில் நிரலை ஓட்டலாம். சரியான வழி அதைவிடக் கடினமும் இல்லை. பிப் 24.2 முதல், பைத்தான் 3.10-உம் அதற்கு மேலும் இருந்தால், இயங்குதளத்தின் சான்றிதழ்களையே பயன்படுத்துகிறது; பிப்பைப் புதுப்பித்தாலே பிழை மறைந்துவிடலாம். நோடுக்கு, கூடுதல் சான்றிதழ்க் கோப்பைக் காட்டும் சூழல் மாறி உண்டு. விண்டோஸ் கிட்டை, விண்டோஸின் சான்றிதழ்க் களஞ்சியத்தை நம்பும்படி மாற்றலாம்.

நிறுவனம் செய்ய வேண்டியது

ஒரு குழுவில் இருபது பேர் இருந்தால் இருபது கணினியிலும் இடைநிலையை ஓட்டுவது நல்ல முடிவாகாது. அப்போது கேட்க வேண்டியது உள்பேக்கேஜ் சர்வர். பைத்தானுக்கு டெவ்பிஐ, என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ, பல மொழிகளுக்கும் சேர்த்து நெக்சஸ் அல்லது ஆர்ட்டிஃபாக்டரி. ப்ராக்ஸியைக் கடக்கும் அடையாளம் அந்த ஒரு சர்வரிடம் இருக்கும். ஒருமுறை இறங்கிய கோப்பு அங்கேயே தங்குவதால் வெளியிணைப்பு நின்றாலும் வேலை நிற்காது. இதில் ஓர் எச்சரிக்கை: உள்சர்வரை பிப்பின் கூடுதல் மூலமாகச் சேர்க்காமல், ஒரே மூலமாக அமையுங்கள். கூடுதல் மூலம் என்றால் இரண்டிலும் தேடி உயர்ந்த பதிப்பை பிப் எடுத்துக்கொள்ளும். உங்கள் உள்பேக்கேஜின் பெயரில் வெளியே யாராவது பெரிய பதிப்பெண்ணோடு ஒன்றை ஏற்றினால் அதுவே இறங்கும். அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த உத்தியால் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களின் உள்வலைக்குள் தன் சோதனை நிரலை ஓடச்செய்ததை 2021 பிப்ரவரியில் வெளியிட்டார். சர்வர் அமைக்க வழியே இல்லாத இடத்தில், அனுமதி உள்ள கணினியில் பேக்கேஜ்களையும் அவை சார்ந்தவற்றையும் ஒரு கோப்புறைக்கு இறக்கி, இணையத்தைத் தேடாதே என்ற விருப்பத்தோடு அந்தக் கோப்புறையிலிருந்து நிறுவலாம். இரண்டு கணினிகளின் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கைப்பேசியின் இணையத்தை அலுவலகக் கணினிக்குக் கொடுத்து ப்ராக்ஸியையே தாண்டிவிடலாம் என்ற யோசனை எல்லா இடத்திலும் உலவுகிறது. ஐந்து நிமிடத்தில் வேலை முடியும் என்பது மெய்தான். உள்வலையும் வெளி இணையமும் ஒரே கணினியில் சந்திக்கும் என்பதும் மெய். ப்ராக்ஸி வைத்ததன் நோக்கமே அதைத் தடுப்பதுதான். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உள்ளூர் இடைநிலையை ஓட்டுவதைக்கூட வலையமைப்புக் குழுவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நாளை 407 வரும்போது, முதலில் தலைப்புவரியைப் படியுங்கள். கர்லில் ஒரே முறை சோதியுங்கள். பிறகு உங்கள் அமைப்புக் கோப்புகளைத் திறந்து, கடவுச்சொல் எழுதிய ஒவ்வொரு வரியையும் அழித்துவிட்டு, அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.